தெளிவாக இல்லாத யானை

பாறை ஓவியங்களைக் காக்கப் பள்ளிகள் எடுக்கும் முயற்சிகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கும் குழுவில் உங்களை நியமித்திருக்கிறார்கள். உங்களில் இருவர் என் வீட்டுக்கே வந்து, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்று கேட்டீர்கள். நான் காப்பி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன். மறதியால் அப்படிச் செய்யவில்லை. இந்த வகையில் நான் கொடுத்தது ஒரே ஒரு பரிசு. அதைக் கொடுக்கக் கூடாத காரியத்துக்குக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பின்பாதியில் நான் கோயமுத்தூரில் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர். ஆண்டுதோறும் நடக்கும் கல்விக் கண்காட்சியில் பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. முதல் ஆண்டு ஒரு கிராமத்துப் பள்ளி, பிள்ளைகள் போட்ட காய்கறித் தோட்டத்தைப் பற்றி வரைபடம் வைத்திருந்தது. பக்கத்தில் அங்கே விளைந்த ஒரு பெரிய பூசணிக்காய். நான் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, எல்லோர் முன்னாலும் பாராட்டிவிட்டேன். அடுத்த ஆண்டு எங்கு பார்த்தாலும் பூசணிக்காய். பாதிக்கு மேல் சந்தையில் வாங்கியது. ஒன்றின் மேல் வியாபாரி போட்ட சுண்ணாம்புக் குறியைத் துடைக்கக்கூட இல்லை.

என் மேலதிகாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நீங்க போன வருஷம் தோட்டத்தையா பாராட்டுனீங்க? காயைத்தானே பாராட்டுனீங்க? நாம எதைப் பாத்துக் கை தட்டறமோ, அடுத்த வருஷம் அதைத்தான் கொண்டாருவாங்க. நீங்க சந்தைக்குப் போறவங்களுக்குக் கை தட்டிப்போட்டீங்க."

நானும் சிரித்தேன். அவரிடம் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒரே பாடம் அதுதான். சிரித்ததோடு விட்டுவிட்டேன். சில மாதங்களில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த கண்காட்சிக்குத்தான் எஸ்தர் டீச்சர் வந்தார். மதுக்கரைக்கு மேற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லித் தருபவர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அந்தப் பள்ளிக்குப் பின்னால் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் இடுப்பில் பாறை முன்னால் நீண்டு கவிழ்ந்து, குகை போல ஓர் இடம். ஊரார் அதைப் பொடவு என்பார்கள். அதன் சுவரில் வெள்ளைக் கோடுகளால் பழங்கால மனிதர்கள் வரைந்த படங்கள் இருந்தன. கீழே ஒரு வரிசை, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு வரிசை. ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்கி அங்கே தீ மூட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்க வருகிறவர்கள் கரியால் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு பொடவின் வாயில் கிளுவை வேலி போட்டிருந்தார். தீ மூட்டுகிறவர்களுக்கு வேறு ஒதுக்கிடம் காட்டிக் கொடுத்திருந்தார். விடுமுறை நாட்களில் பிள்ளைகள் முறை வைத்துப் போய்ப் பார்த்து வந்தார்கள். பாறையைத் தொடாமல், தள்ளி நின்று, கண்ணால் பார்த்து ஒவ்வொரு படத்தையும் காக்கித் தாளில் வரைந்திருந்தார்கள். அந்தத் தாள்களைத்தான் கண்காட்சியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் போய் நின்றேன். பக்கத்து மேசையில் ஒரு பள்ளி பவானி அணையின் மாதிரியைச் செய்து வைத்திருந்தது. மதகைத் திறந்தால் தண்ணீர் ஓடியது, விளக்கு எரிந்தது. அங்கே கூட்டம். இங்கே, விட்டுவிட்டு ஓடும் வெள்ளைக் கோடுகள். யானை என்று எழுதியிருந்ததில் முதுகு இருந்தது, தும்பிக்கை பாதி இருந்தது, பின்னங்கால் இல்லை. இன்னொன்றின் கீழே "என்னவென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தது.

"என்னங்க டீச்சர், தெளிவாவே இல்லையே" என்றேன்.

"பாறையில அப்படித்தானுங்க சார் இருக்குது."

"கொஞ்சம் சேத்து வரைஞ்சிருக்கலாமில்ல? யானைக்குப் பின்னங்கால் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்."

"யானைக்கு இருக்கும்ங்க சார். இந்தப் படத்துல இல்லீங்களே. இல்லாத கோட்டை நாங்க எப்படிங்க போடறது?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டேன். "தெரியவில்லைன்னு எழுதி வெச்சா, பரிசு எதுக்குங்க டீச்சர் குடுக்கறது? தெரியாததுக்கா?" என்றேன். இப்போது நன்றாகச் சிரித்தார்கள். அவர்கள் பள்ளித் தலைமையாசிரியரும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் தெளிவாக் கொண்டாங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அணைக்கு முதல் பரிசு.

அந்தத் தலைமையாசிரியர் கெட்ட மனிதர் அல்ல. ஓட்டுக் கூரையும் உடைந்த பெஞ்சுமாக இருந்த பள்ளிக்கு ஒரு பரிசு வந்தால் மேலிடத்தில் நாலு காரியம் நடக்கும் என்று நினைத்தவர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அந்தக் காலத்தில் பள்ளிகள் என்ன செய்யும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், அடியில் காவிப் பட்டை போடுவார்கள், கரும்பலகைக்குக் கரி பூசுவார்கள். நானும் அந்த வெள்ளையைப் பார்த்து ஆண்டுதோறும் திருப்தி என்று எழுதி வந்தவன்தான்.

மறு ஆண்டு கண்காட்சிக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. நம் ஜில்லாவில் பழமையானது ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். புதிதாக வந்த என் மேலதிகாரியிடம், "மதுக்கரைப் பக்கம் பாறையில் யானைப் படம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். தலைமையாசிரியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் கரட்டின் மேல் ஏறினேன். அந்தப் பாறையை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

பொடவுக்குள் நுழையும்போதே ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது.

கீழ் வரிசை பளிச்சென்று இருந்தது. யானைக்கு நாலு காலும் இருந்தன. தந்தம் இருந்தது, வால் இருந்தது. யானை மேல் உட்கார்ந்திருந்த ஆளின் கையில் வாள் முளைத்திருந்தது. போன ஆண்டு என்னவென்று தெரியாதது இப்போது குதிரையாகியிருந்தது. அடியில் பாறைத் தரையில் சுண்ணாம்புச் சொட்டுகள் காய்ந்தும் காயாமலும் கிடந்தன. மூலையில் ஒரு பழைய வாளி. வெள்ளையடிக்கும் நார் மட்டையை அதிலிருந்து எடுத்து வைக்கக்கூட மறந்திருந்தார்கள். மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

"இப்பத் தெளிவா இருக்குதுங்களா சார்?" என்றார் தலைமையாசிரியர். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம டிராயிங் மாஸ்டர் லீவு போடாம நின்னு செஞ்சு குடுத்தாருங்க. மேல் வரிசைக்குத்தான் கை எட்டலைங்க. ஏணி சொல்லியிருக்கறேன். பெரியவர் வாரதுக்குள்ள அதையும் முடிச்சுப்போடலாம்."

எஸ்தர் டீச்சர் வேலிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க அம்மணி, உள்ள வாங்க. உங்க வேலைதானே?" என்று தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"என் வேலை இல்லீங்க சார்" என்றார்.

"பாருங்க சார், காய்ச்சல்னு ஒரு வாரம் வரலை. இவங்க இல்லாம வேலை நடந்துபோச்சுன்னு கோவம்." தலைமையாசிரியர் மறுபடியும் சிரித்தார்.

என்ன நடந்திருக்கிறது என்பது உள்ளே நுழைந்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் சரித்திரம் படித்தவன் நான். எப்போதோ யாரோ போட்ட கோட்டின் மேல் புதுச் சுண்ணாம்பைப் பூசினால் என்ன போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்டித்துப் பேச வாயெடுத்தேன். அப்போது ஒன்று உறைத்தது. "ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "நீங்கதானுங்களே தெளிவாக் கொண்டாங்கன்னு சொன்னீங்க" என்பார். அது சென்னை அதிகாரி வரை போகும். யானையைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

என்னோடு வந்திருந்த போட்டோக்காரர் படம் எடுத்தார். தலைமையாசிரியர் இளநீர் வெட்டச் சொல்ல முன்னால் இறங்கிப் போனார். பாதி வழியில் டீச்சர் எனக்காக நின்றிருந்தார்.

"சார், உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

"கீழ் வரிசை போனது போச்சுங்க. மேல் வரிசை அப்படியே இருக்குது சார். ஆளுங்க கை கோத்துக்கிட்டு ஆடற மாதிரி இருக்குமுங்க. சுண்ணாம்பு அங்க இன்னும் படலை. ஏணி வாரதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிறுத்திருவாங்க. நான் சொன்னா கேக்கறதில்லீங்க. நீங்க சொன்னா அது ஆர்டருங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான். பரிசு கேட்கவில்லை, வேலையை நிரந்தரமாக்கச் சொல்லவில்லை.

"கண்காட்சி முடியட்டும் டீச்சர், பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"கண்காட்சிக்கு முன்னாடிதானுங்க சார் ஏணி வருது" என்றார்.

எனக்குக் கேட்காதது போல நடந்தேன். இளநீர் குடித்தேன்.

சென்னை அதிகாரிக்குக் கரடு ஏற நேரமில்லாமல் போயிற்று. கண்காட்சியில் போட்டோவைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார். "எவ்வளவு தெளிவு!" என்று அவரும் சொன்னார். முதல் பரிசுக் கோப்பையை டிராயிங் மாஸ்டர் மேடை ஏறி வாங்கினார். எஸ்தர் டீச்சர் வரவில்லை. கூட்டம் கலையும்போது தலைமையாசிரியரைத் தனியே கூப்பிட்டு, மேல் வரிசை என்னாயிற்று என்று கேட்டேன்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க" என்றார். "மேல கதண்டு கூடு கட்டியிருக்குதாமுங்க. புள்ளைக பாத்துச் சொன்னாங்க. டிராயிங் மாஸ்டர் ஏணியைப் போட்ட எடத்துலயே உட்டுப்போட்டு ஓடியாந்துட்டாரு. கதண்டு கொட்டுனா ஆளு பொழைக்குமுங்களா? பெரியவர் வந்து அவரைக் கொட்டியிருந்தா என் கதி என்னங்க ஆகறது?"

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் செய்ய வேண்டியதை ஒரு குளவிக் கூட்டம் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு மேல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பரிசு பெற்ற முயற்சி என்று அந்தப் போட்டோ மற்ற பள்ளிகளுக்கும் போயிற்று. வேறு ஒரு கரட்டில் இருந்த படங்களை இன்னொரு பள்ளி தெளிவாக்கியது. சுண்ணாம்போடு நீலமும் கலந்திருந்தார்கள். பூசணிக்காய் என் நினைவுக்கு வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கோடையில் தலைமையாசிரியர், எஸ்தர் டீச்சர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார், வேறு பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். டீச்சர் எதற்கு ஒத்துழைக்க மறுத்தார் என்று எனக்குத் தெரியும். மாற்றலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். பவானிக்கு அனுப்பினார்கள். பவானி நல்ல ஊர், ஆற்றங்கரை, அவருக்கும் மாறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில வருடங்கள் போயின. அறுபதுகளின் நடுவில், தொல்பொருள் படித்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். பாறை ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்றார். பரிசு கொடுத்தவன் என்பதால் என்னை அவரோடு அனுப்பினார்கள். அவர் கீழ் வரிசை முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது சுண்ணாம்பு. யாருங்க பூசினது?"

"ஊர்க்காரங்க யாராவது இருக்கும்" என்றேன்.

"சுரண்டினா அடியில இருக்கறதும் சேந்து வந்துடும். இதை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று எழுந்தார். மேலே காட்டி ஏணி கேட்டார்.

ஏணி பிடிக்க வந்த ஊர்க்காரர் தயங்கினார். "வேண்டாமுங்க. மேல கதண்டு இருக்குதுங்க."

வந்தவர் அதற்கெல்லாம் அசரவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினார். நான் வேலி வரை பின்வாங்கி நின்றேன். மேலிருந்து அவர் குரல் கேட்டது. "கதண்டு எங்கே இருக்கு? இங்க ஒண்ணுமே இல்லையே. எப்பவும் கூடு கட்டின அடையாளமே இல்லை." பிறகு கோடுகளுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். "இது பழசு. கை படாதது. நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

நான் ஏறினேன். ஆட்கள் கை கோத்து நின்றார்கள். சிலருக்குத் தலை இல்லை, சிலருக்குக் கால் இல்லை. கோடு விட்டுவிட்டுத்தான் ஓடியது. காக்கித் தாளில் நான் பார்த்தது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

கீழே இறங்கியதும் ஊர்க்காரரைக் கேட்டேன். "கதண்டை நீங்க பாத்திருக்கீங்களா?"

"நானெங்க பாத்தேன்? என் பையன் படிக்கறப்ப அவங்க டீச்சரம்மா சொன்னாங்களாமுங்க. அப்பறம் வருசாவருசம் பெரிய புள்ளைக சின்னப் புள்ளைககிட்டச் சொல்லிப்போடுமுங்க. இந்த ஊருல ஒருத்தரும் மேல ஏறுனதில்லீங்க." சிறிது யோசித்து, "இப்படி ஏமாந்துபோட்டமே" என்று அவரே சிரித்தார்.

அடுத்த வாரம் பவானிக்குப் பஸ் ஏறினேன். ஜமக்காளத்துக்குச் சாயம் போட்ட நூல் தெருவெங்கும் காய்ந்துகொண்டிருந்தது. அதை விலக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"மேல் வரிசை இருக்குதுங்களா சார்?"

"இருக்குதுங்க டீச்சர். அப்படியே இருக்குது."

"கடைசி ஆளு? பக்கத்து ஆளு கையைப் பிடிக்காம, கொஞ்சம் தள்ளி நிப்பாரே?"

"அவரும் இருக்கறாரு."

அவர் மேசை மேல் கிடந்த நோட்டுகளை அடுக்கி வைத்தார். பிறகு, "அப்பக் கதண்டு இல்லைன்னும் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"தெரிஞ்சுதுங்க."

"ஏணி வார அன்னிக்குக் காலையில புள்ளைகளைக் கூப்பிட்டு, கதண்டு இருக்குதுன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேனுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பூரா, பாத்ததை மட்டும் வரையணும், இல்லாததைப் போடக்கூடாதுன்னு அதே புள்ளைககிட்டச் சொல்லியிருந்தேன். ஒரு புள்ளை கேட்டுப்போட்டாளுங்க சார். 'டீச்சர், கதண்டு இல்லீங்களே, அப்ப இது இல்லாத கோடுதானுங்களே'ன்னு. அதுக்கப்பறமும் போய்ச் சொல்லுங்கன்னுதான் அனுப்புனேனுங்க." கோபமாகச் சொல்லவில்லை. வரவு செலவு சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ளைகளை நான் பொய் சொல்ல வெச்சிருக்க வேண்டியதில்லீங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியுமுங்க. பவானி நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணிக்குக் கஷ்டமில்லை" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து, அந்தப் பரிசை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும், நடந்ததை எழுதித் தருகிறேன் என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். "பழைய விஷயம், எதுக்கு இப்ப" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. கோப்பை இன்னும் அந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேள்வி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் என்றால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுக்காதீர்கள். பாறைக்குப் போங்கள். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். வேலி போட்டவர்களும், தீ மூட்ட வருகிறவர்களிடம் தன்மையாகப் பேசி அனுப்பியவர்களும் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு படத்தின் கீழே "என்னவென்று தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அந்தத் தாளின் முன் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். சிரிக்காதீர்கள். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு மறு ஆண்டு ஒரு வாளி சுண்ணாம்பு கரையும் என்பதை மறக்க வேண்டாம். தப்பு நடந்திருப்பதைப் பார்த்தால் அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். அதற்குக் காரணம் உங்கள் சொல்தான் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதுக்கரைப் பக்கமும் நீங்கள் போக வேண்டியிருக்கும். அந்தப் பொடவில் கீழ் வரிசையை முதலில் பாருங்கள். யானை மிகத் தெளிவாக இருக்கும், நாலு காலும் இருக்கும். அது நான் பரிசு கொடுத்த யானை. பிறகு மேலே பார்க்க ஏணி கேட்பீர்கள். மேலே கதண்டு இருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் யாராவது சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் நம்பி இறங்கி வந்துவிடுங்கள்.